கை நீட்டுவது விசுவாசக் குறைவா?

கேள்வி: என் கணவர் வேலை பார்த்த பனியன் கம்பெனி மூடி எட்டு மாதமாகிறது. நகையெல்லாம் அடகுக் கடையில். குழுக் கடனில் இரண்டு தவணை பாக்கி. சபையில் சொல்ல வாய் வரவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு உதவி பெறுகிற குடும்பங்களை முன்னால் வரச்சொல்லி, சேலையும் அரிசிப் பையும் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்த வரிசையில் என்னால் நிற்க முடியாது. ஒரு அக்காவிடம் மட்டும் சொன்னேன். "தாழ்மையாப் பொறுத்துக்கோ, கர்த்தர் பாத்துக்குவார்" என்றார். கஷ்டத்தைச் சொல்லி உதவி கேட்பது விசுவாசக் குறைவா? தாழ்மை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

பதில்:

சகோதரி, இல்லை. உங்கள் இரண்டு கேள்விக்கும் அதுதான் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய சபையில் பத்தொன்பது வருடம் பொருளாளராக இருந்தவன் நான். உதவிப் பணம் என் கை வழியாகத்தான் போனது. அதில் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வரிசையில் நிற்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யாராவது பெருமை என்று சொன்னால் நம்பாதீர்கள். அப்படிப்பட்ட வரிசையைப் பற்றி வேதத்தில் கடுமையான வார்த்தை இருக்கிறது. அது நிற்க மறுத்தவர்களைப் பார்த்துச் சொன்னதல்ல, நிற்க வைத்தவர்களைப் பார்த்துச் சொன்னது.

கொரிந்து சபைக்கு கி.பி. 55 வாக்கில் பவுல் எழுதிய முதலாம் நிருபம், 11ஆம் அதிகாரம். திருவிருந்து ஞாயிறுகளில் 23ஆம் வசனத்திலிருந்து வாசிப்பார்கள், நமக்கெல்லாம் மனப்பாடம். அதற்கு முந்தின வசனங்கள் அவ்வளவாக வாசிக்கப்படுவதில்லை. அன்றைய சபை வசதியுள்ள ஒருவருடைய வீட்டில் கூடும். திருவிருந்து என்பது ஒரு துண்டு அப்பமாக இல்லாமல், உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடாகவே இருந்தது. வசதிக்காரர் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிடுவார்கள். அடிமைகளும் கூலிக்காரரும் வேலை முடிந்து வருகிறபோது பாத்திரம் காலி. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" (குடிவெறியைச் சொல்கிறார்) என்று எழுதிவிட்டுப் பவுல் கேட்கிறார்: "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" இல்லாதவரை வெட்கப்படுத்துவதும் தேவனுடைய சபையை அசட்டை பண்ணுவதும் அவருக்கு ஒரே குற்றம். சோறு போடாதது ஒரு பாவம் என்றால், வெட்கப்பட வைத்துப் போடுவதும் அதே வீட்டுப் பாவம்தான்.

அடுத்தது, கேட்பதைப் பற்றி. எருசலேம் சபையின் முதல் உள்தகராறு எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? சாப்பாட்டுப் பங்கீடு. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம். அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் விட்டுப்போகிறார்கள் என்று கிரேக்கு பேசுகிற யூதர் முறுமுறுத்தார்கள். 'தாழ்மையாயிருங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லி அனுப்ப அப்போஸ்தலருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அப்படிச் சொல்லவில்லை. சபையைக் கூட்டி, பந்தி விசாரணைக்கென்று ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரையும் வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டது எருசலேம் சபை. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற டீக்கன் ஊழியத்துக்கு வேரே அந்த விதவைகளுக்காக எழுந்த முறுமுறுப்புதான். அவர்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் சபைக்குத் தன் குறை தெரிந்தே இருக்காது.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் மாதம் ஒருமுறை ஏழைகள் நிதியிலிருந்து பதினொரு குடும்பத்துக்கு அரிசி கொடுப்போம். பொருளாளர் என்ற முறையில், ஆராதனை முடிவில் அறிவிப்பு நேரத்தில், அந்தப் பதினொரு பேரையும் நான் வாசிப்பேன். கணக்கு வெளிப்படையாக இருக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன், வேறு எண்ணமில்லை. ஒரு விதவைத் தாயார், ஓலைப் பெட்டி முடைந்து பிழைக்கிறவர், இரண்டு மாதமாகக் கோயிலுக்கு வரவில்லை. தேடிப் போனேன். வாசலில் உட்கார்ந்து குருத்தோலையைக் கிழித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை. "ஐயா, அரிசி நல்ல அரிசிதான். பேர வாசிச்சியள்லா, அதுதான் தொண்டயில நிக்கு" என்றார். கை மட்டும் கிழித்துக்கொண்டே இருந்தது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். வீட்டுக்கு வந்து அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது, எத்தனை வருடம் எத்தனை பேரைப் பெயர் சொல்லிக் குனிய வைத்திருக்கிறேன் என்று உறைத்தது. அடுத்த மாதத்திலிருந்து மொத்தத் தொகையை மட்டும் வாசித்தேன். பெயர்கள் ஐயர் (போதகரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்), நான், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு அம்மா, மூன்று பேருக்கு மட்டும் தெரியும். கமிட்டியில் எதிர்ப்பு வந்தது: "யாருக்குக் கொடுத்தோம்னு தெரியாம எப்படிக் கணக்கை ஒப்புக்கிறது?" ரசீதை ஆடிட்டரிடம் காட்டுகிறேன், பலிபீடத்துக்கு முன்னால் காட்டமாட்டேன் என்று சொன்னேன். ஓட்டெடுப்பில் இரண்டு ஓட்டில்தான் ஜெயித்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், தாழ்மை என்ற வார்த்தையை நம் சபைகளில் எப்போதும் வாங்குகிறவர் தலையிலேயே வைக்கிறோம். பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" என்று இருக்கிறது. ஒருவரையொருவர். கொடுக்கிறவன் வாங்குகிறவரைத் தன்னிலும் மேன்மையானவராக எண்ணிக் கொடுத்தால் அங்கே கேமராவுக்கு என்ன வேலை?

வாங்குகிற பக்கத்திலும் ஒரு தாழ்மை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேதுருவின் கால்களைக் கழுவ இயேசு வந்தபோது அவர் மறுத்தார். பார்க்கப் பணிவு மாதிரி இருக்கும், ஆனால் தேவையுள்ளவனாகத் தெரிய அவருக்கு மனம் வரவில்லை. 'நான் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை' என்று பதில் வந்தது. உங்களிடம் நான் கேட்கிற தாழ்மை இந்த அளவுதான்: ஒரு ஆளிடமாவது உண்மையை முழுதாகச் சொல்வது. எல்லார் முன்னாலும் நிற்பது அதில் சேராது.

யாரிடம் வாங்குவது என்று தீர்மானிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பவுல் எல்லாரிடமும் வாங்கவில்லை. கொரிந்தில் கூடாரத் தொழில் செய்து சாப்பிட்டார். அவர்களிடம் காசு வாங்க மறுத்தார். அதற்கே அவர்கள் கோபப்பட்டார்கள். அந்த ஊரில் பணம் கொடுத்தவனுக்கு ஆளாக அடங்கி நடக்கவேண்டும் என்பது வழக்கம். ஆனால் பிலிப்பி சபை அனுப்பியதை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வாங்கிக்கொண்டார். சிறையில் இருந்தபோது அவர்கள் எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பியதை வாங்கி, நன்றி எழுதினார். அந்த நன்றியை வாசித்துப் பாருங்கள், நாலாம் அதிகாரம். குழைவே கிடையாது. குறைச்சலாலே இதைச் சொல்லவில்லை, தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறார். கொடுத்தவர்களும் வாங்கினவரும் ஒரே வேலையில் பங்காளிகள் என்ற தொனி. கொரிந்துக்காரர் மாதிரி கொடுக்கிறவர் உங்கள் சபையில் இருந்தால் அவரிடம் வாங்காதீர்கள். பிலிப்பிக்காரர் மாதிரி ஒருவராவது நிச்சயம் இருப்பார்.

எங்கள் பக்கத்துச் சபைகளின் வரலாறே இப்படித் தாங்கிக்கொண்டதில்தான் இருக்கிறது. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட விசுவாசிகளுக்காக 1799இல் நிலம் வாங்கிக் குடியேற்றினார்கள்; முதலாவது அமைந்த ஊர் என்பதால் அதற்கு முதலூர் என்றே பெயர். முப்பத்தொரு வருடம் கழித்து, 1830இல், பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் ஏற்படுத்தினார். நிலக்காரர் வெளியேற்றிய குடும்பங்களுக்கு இடம் வாங்கி ஊர் அமைப்பதுதான் அதன் வேலை. பெயர்தான் தர்மம்; கொடுத்ததோ பிச்சையில்லை, காலூன்ற ஒரு இடம். 'இது என் மனை' என்று சொல்லிக்கொள்ள முடிந்த மனிதன் அடுத்த வருடம் தானும் சங்கத்துக்குக் காணிக்கை போடுவான். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் அனாதையான பிள்ளைகளை எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் சேர்த்துக்கொண்டபோதும் கஞ்சியோடு விடவில்லை. தச்சு, தையல் என்று தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். உதவி என்பது ஒருவரை உதவி தேவைப்படாதவராக ஆக்குவது என்ற புத்தி அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. உங்கள் கணவருக்கு இன்று தேவைப்படுவதும் ஐந்து கிலோ அரிசியைவிட ஒரு வேலைதான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அந்த வரலாற்றில் வடுவும் உண்டு. ரேனியஸ் ஐயர் பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்றபோது, சேர்ந்து சாப்பிட மனமில்லாமல் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போனார்கள். இன்றைக்கும் சில சபைகளில் காணிக்கைத் தட்டு எல்லார் முன்னாலும் போகும். கல்யாணப் பேச்சு மட்டும் போகாது. இதைச் சொல்லாமல் தாழ்மையைப் பற்றிப் பேசினால் அது பாதிப் பேச்சு.

இதே மண்ணில் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. பின்னாளில் தோர்ணக்கல் பேராயர், இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய, அமெரிக்க மிஷனரிகள். எத்தனையோ பேர் உண்மையாகவே உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள். அவர்களைப் பார்த்து இவர் சொன்னார்: ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்! மண்டபத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இந்திய ஊழியரைத் தங்கள் மேசையில் உட்கார வைத்துச் சாப்பிடாத கைகள்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தன. அதைத்தான் அவர் தொட்டார். உங்கள் கிறிஸ்துமஸ் வரிசையைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பேச்சுதான். சேலை கொடுத்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முன்போ பின்போ உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள்?

இப்போது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் இருந்தது. கேரல் ரவுண்ட்ஸுக்கு டிரம் எல்லாம் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோம். காலையிலேயே பிடித்த மழை விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு வருடத்துக்கான மழை ஒரு நாளில். திங்கட்கிழமை விடிகிறபோது தெருவில் இடுப்புத் தண்ணீர், கடைத்தெருவில் ஆளுயரம். கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடு இல்லை. கோயில் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. ஊரே அங்கே வந்தது. நம் சபையார் மட்டுமில்லை, எல்லாரும்.

அசனத்துக்கு வைத்திருக்கிற அண்டா எங்களிடம் நாலு உண்டு. அசனம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் பக்கத்துச் சபைகளில் வருடத்துக்கு ஒருமுறை பண்டிகையில் ஊருக்கே சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். ஓலைக் கடகத்தில் சோற்றை அள்ளி வருவார்கள், தரையில் பந்தி. வருடத்தில் ஒரு நாள் வெளியே வருகிற அந்த அண்டாக்கள் அந்த வாரம் ஆறு நாள் அடுப்பை விட்டு இறங்கவில்லை. நனையாத அரிசி யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தோம். விறகுதான் பெரும்பாடு, கடைசியில் கேரல் மேடைக்கு வாங்கிய பலகைகளை உடைத்தோம்.

சமையலை எடுத்துக் கட்டியது யார் தெரியுமா? ஓலைப் பெட்டி முடைகிற அதே தாயார். அவருக்கு இருநூறு பேருக்கு உலை வைக்கிற கணக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இத்தனை வருடம் தெரியவே தெரியாது. நான் வெங்காயம் உரித்தேன். இரண்டாம் நாள் மதியம் வரிசையில் ஒரு பெரிய கடைக்காரர் நின்றார். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ஐம்பது அரிசிப் பை கொடுக்கிறவர். கடையும் குடோனும் தண்ணீருக்குள். வேட்டி முழங்காலுக்கு மேல் சேறு. கையில் யாரோ கொடுத்த அலுமினியத் தட்டு. தட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். தாயார் கரண்டியைப் போட்டுவிட்டு, வழக்கமாகக் கடையில் பேசுகிற குரலிலேயே, "அண்ணாச்சி, வீட்ல அக்காவுக்குப் பாத்திரம் கொண்டாந்திருக்கியளா?" என்று கேட்டார். அவர் இல்லையென்று தலையாட்டினார். ஒரு தூக்குச்சட்டியைக் கழுவி நிரப்பி, மூடிப் போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான். ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. 'பாத்தியளா காலம் எப்படி மாறுதுன்னு' என்று ஒரு வார்த்தை பின்னால்கூடப் பேசவில்லை. அந்தக் கடைக்காரர் அடுத்த நாள் வரவில்லை, மகனை அனுப்பினார். சில மாதம் கழித்து, கடை திறந்தபிறகு, என்னிடம் தனியாக வந்து, இனிமேல் அரிசிப் பைக்கு என் பெயரை வாசிக்கவேண்டாம் என்று மட்டும் சொன்னார். காரணம் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதே நாட்களில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், எண்ணூறு பயணிகள் போல மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள். சபைக்கு வெளியேயிருந்து வருகிற கையையும் சந்தோஷமாகப் பிடிக்கவேண்டும் என்பதற்காக இதைச் சேர்க்கிறேன். உங்கள் பக்கத்து வீட்டு அம்மா இந்துக் கோயிலுக்குப் போகிறவரோ பள்ளிவாசலுக்குப் போகிற குடும்பமோ, ஒரு படி அரிசி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில், 8ஆம் அதிகாரத்தில், 'சமநிலை' என்ற வார்த்தை வருகிறது. எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பணம் திரட்டும்போது எழுதியது. இப்போது உங்களிடம் இருப்பது அவர்கள் குறைவுக்கு. ஒருநாள் அவர்களிடம் இருப்பது உங்கள் குறைவுக்கு. மேலே கீழே என்று அதில் இல்லை. அந்தக் காணிக்கைக்கு முந்திக்கொண்டு கொடுத்தவர்கள் யார்? தாங்களே கொடிய தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா சபையார். மிசோரம் சபைகளில் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிற பழக்கம் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிடியரிசியும் அதேதான். அந்தத் தாயார் வீட்டிலும் பிடியரிசிக் கலயம் உண்டு. உதவி வாங்குகிற மாதத்திலும் அதில் அரிசி விழுந்திருக்கிறது. சங்கத்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்கள் கையிலும் கொடுக்க ஏதோ ஒன்று இருக்கும். தையல் தெரிந்தால் தையல், இல்லையென்றால் ஞாயிறு பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு. கடனை அடைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாங்குகிறவராக மட்டும் இருந்தால் மனம் சுருங்கிப்போகும், அதற்காக.

இனி செய்யவேண்டியது.

முதலில் குழுக் கடன். இரண்டு தவணைக்குமேல் போகவிடாதீர்கள். குழுத் தலைவியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், அவர்கள் வீட்டுக்கு வந்து கேட்கும்வரை காத்திருக்கவேண்டாம். அதை அடைக்க மீட்டர் வட்டிக்கு மட்டும் போகாதீர்கள். வீட்டுக்கு வந்து அசிங்கமாகப் பேசினாலோ மிரட்டினாலோ, அதைத் தாழ்மையாகப் பொறுத்துக்கொள்ளவேண்டிய அவசியம் இல்லை. இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுங்கள்.

சபையில் ஐயரிடமோ, பெண்கள் சங்கத்தில் வாய் இறுக்கமான ஒரு அம்மாவிடமோ போங்கள். யார் வாய் இறுக்கம் என்பது உங்களுக்கே தெரியும்: மற்றவர் கஷ்டத்தை இதுவரை உங்களிடம் வந்து சொல்லாதவர். உட்கார்ந்த உடனே, 'இது ஜெபக் குறிப்பில் வேண்டாம், அறிவிப்பில் வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கிறிஸ்துமஸ் வரிசையைப் பற்றியும் அவரிடமே சொல்லுங்கள். எங்கள் சபையில் ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. உங்கள் கமிட்டியிலும் கெட்ட எண்ணம் இருக்காது, யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

'கஷ்டமா இருக்கு, ஜெபம் பண்ணுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்பவருக்கு என்ன செய்வது என்று தெரியாமல், உண்மையாகவே ஜெபித்துவிட்டுப் போய்விடுவார். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எவ்வளவு, கடைசித் தேதி எது, தவணை எவ்வளவு, எந்தக் கிழமை, உங்கள் கணவர் எந்த மெஷினில் எத்தனை வருடம் வேலை பார்த்தார், வெளியூர் போக முடியுமா. கணவரிடமும் காட்டிவிட்டு, முடிந்தால் இரண்டு பேருமாகவே போங்கள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்றைக்கு யார் உட்கார்ந்திருந்தாலும், முதலில் கேட்கப்போவது அந்தத் தேதியைத்தான்.